கழுத்துச் சாய்ந்த பொம்மைகள்

பூந்தமல்லிக்கு மேற்கே எங்கள் ஊரில் கைத்தொழில் மையம் ஒன்று திறந்தார்கள். பெண்களுக்குத் துணிப் பொம்மை தைக்கக் கற்றுக்கொடுக்க, ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு டீச்சர் பஸ்ஸில் வருவார். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. தைத்து முடித்த பொம்மையின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

முதல் ஆர்டர் வந்தது. அது தேறினால் மையம் நிலைக்கும், நாங்களும் செங்கல் சூளைக்குப் போக வேண்டாம். டீச்சர் பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்துக் கொடுத்து, "இதைப் பாத்து அப்படியே தையுங்கம்மா, ஒரு நூல்கூட மாறக் கூடாது" என்றார். அடுத்த வாரம் அவர் வருவதற்குள் அப்படியே தைத்து மூட்டை கட்டிவிட்டோம்.

வாங்க வந்த கடைக்காரர் மூட்டையைப் பிரித்ததும் சிரித்தார்.

"இன்னாம்மா, எல்லாத்துக்கும் கழுத்து சுளுக்கிகிச்சா?"

ஒன்றைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

"தலையை ஏம்மா சாய்ச்சுத் தைச்சீங்க?" என்று டீச்சர் கேட்டார். நான்தான் கூச்சத்தோடு சொன்னேன்.

"நீங்க குடுத்தது அப்படித்தானே டீச்சர் கீது."

அவர் தன் பொம்மையை எடுத்துப் பார்த்தார்.

"பஸ் கூட்டத்துல நசுங்கியிருக்கு. நான் பாக்கவே இல்லையேம்மா."

பிறகு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் தலையையும் நிமிர்த்தி, முகத்தைத் துடைத்து வைத்தார். கையை எடுத்ததும் அது மறுபடி சாய்ந்தது.

விற்காத அந்த மூட்டையைத் தானே அணைத்துக்கொண்டு அன்று பஸ் ஏறினார். மறுவாரம் மையத்தைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் சூளைக்குப் போனோம். அத்தனை பொம்மைகளையும் அந்தச் சின்ன குவார்ட்டர்ஸில் எங்கே வைத்திருப்பார் என்று, செங்கல் சுமந்த காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.