தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். உங்களைப் பயமுறுத்தி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் இது நடந்தது. ராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில். 1971, ஐப்பசி மாத மழை. மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

அப்போது நான் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம். நோயாளிக்கு இதயம் நின்றுவிட்டால் அவசர அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். உள்ளே டாக்டர், ஒரு நர்ஸ். சொந்தக்காரர்கள் வெளியே. கதவுக்கு உள்தாழ்ப்பாள்.

நர்ஸுகள் நாங்கள் எல்லோருமே இந்த வழக்கத்தின் கட்சிதான். உள்ளே விட்டால் கத்துவார்கள், மயங்கி விழுவார்கள், டாக்டரின் கையைப் பிடித்து இழுப்பார்கள். நாங்கள் யாரைப் பார்ப்பது? "ஆள் பிழைக்கணுமா, நீங்க வேடிக்கை பார்க்கணுமா?" என்று நான் ஒரு அதட்டல் போட்டால் வார்டே அடங்கிவிடும்.

அன்றைக்கு எட்மண்ட் சார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். நெஞ்சுவலி என்று காலையில் வந்தவர், மனைவியோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகிவிட்டார். நாடி இல்லை. சாரல் அடிக்கும் தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். அவசர அறையில் இருந்த ஒரே இரும்புக் கட்டிலில் கிடத்தினோம். மனைவி ஞானஜோதி கூடவே ஓடி வந்தாள்.

"சிஸ்டர், ஒரு ஓரமா நிக்கிறேன். அழக்கூட மாட்டேன்."

"வெளியே இருங்கம்மா."

தாழ்ப்பாள் போட்டேன்.

டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். நான் ரப்பர் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தேன். ஞானஜோதி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

டங்...

இரும்பில் எதுவோ பட்ட சத்தம். நிமிர்ந்தேன்.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெண் நின்றிருந்தாள். பச்சைப் புடவை. தலையில் கனகாம்பரம். கையில் வட்டமான பித்தளை டோக்கன். அதைக் கட்டில் கம்பியில் தட்டிக்கொண்டு எட்மண்ட் சாரின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ தங்கையோ, சந்தடி சாக்கில் உள்ளே நுழைந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"யாரும்மா நீ? வெளியே போ!"

"யார்கிட்ட பேசறீங்க, மெட்டில்டா?" டாக்டர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவள் இல்லை. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

டங்...

இப்போது என் பக்கத்தில்.

தரை முழுக்க எங்கள் ஈரக் காலடிகள். அவள் நின்ற இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அந்தக் கொட்டும் மழையில் அவள் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை.



"நாடி?" என்றார் டாக்டர்.

"இல்லை..."

டங்... டங்...

அவள் என் காதருகே குனிந்தாள். மூச்சுக்காற்று படவில்லை. குரல் மட்டும்.

"அவ வெளியே நிக்கிறாம்மா... கதவைத் தொற..."

டாக்டரின் கைகள் நின்றன. கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எல்லா நர்ஸுக்கும் தெரியும்.

"டாக்டர், இன்னும் ஒரு தடவை!"

ஓடினேன். தாழ்ப்பாளை இழுத்தேன்.

டாக்டர் கத்தினார். ஞானஜோதி அவரைத் தாண்டிப் போய் புருஷனின் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். சொன்னபடியே அழவில்லை. "என்னங்க... நான்தான்" என்றாள். டாக்டர் மறுபடி அழுத்தினார். நான் ஓடி வந்து நாடியைப் பிடித்தேன்.

என் விரலடியில்... ஒரு துடிப்பு.

இன்னொன்று.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவைச் சாத்தத் திரும்பினேன்.

தாழ்வாரத்தில்... பச்சைப் புடவை.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காத்திருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வெறும் சுவர்.

சாயங்காலம் வார்டு ஆயா புஷ்பத்திடம் அந்தப் பித்தளை டோக்கனைப் பற்றிக் கேட்டேன். அவள் முகம் வெளிறிப் போயிற்று.

"டோக்கனா? அத்த நிறுத்தி ரெண்டு வருசம் ஆவுதே சிஸ்டர். இப்போ பாக்க வர்றவங்களுக்கு சீட்டுதான்." கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "பச்சப் பொடவையா?" என்றாள்.

நான் புடவையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"லோகநாயகிம்மா. அது புருசன இதே கட்டில்லதான் போட்டாங்கோ. அந்தம்மாவ வெளிய தள்ளி கதவ சாத்திட்டாங்கோ. உள்ள அவரு செத்துப் பூட்டாரு. சொல்லலாம்னு கதவத் தொறந்தா, செவுத்துல சாஞ்சி குந்திகினு கீது. கையில டோக்கனு. உசுரு இல்ல."

அதோடு போயிருந்தால் எப்படியாவது மறந்திருப்பேன். மறுநாள் எட்மண்ட் சார் நன்றாகப் பேசினார். மனைவி காபி வாங்கப் போன சமயம் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"சிஸ்டர், அந்த ரூம்ல என்கூட ஒரே கட்டில்ல படுத்திருந்தாரே, அவரை எந்த வார்டுக்கு மாத்தினீங்க?"

"அந்தக் கட்டில்ல நீங்க மட்டும்தான் சார் இருந்தீங்க."

"இல்லையே... 'கதவைத் தொறந்தாங்களா, தொறந்தாங்களா'ன்னு என் காதுல கேட்டுக்கிட்டே இருந்தாரே. நீங்க தொறந்ததும் தலையைத் தூக்கி ஆசையா பார்த்தாரு. என் வைஃப் வந்ததும், 'இவ இல்ல'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."