பின்சீட்டின் ஈரம்

காலேப், புத்தூரில் கார் கண்ணாடிகளுக்கு சன் பிலிம் ஒட்டுகிறவன். அவன் மனைவி கிருபாபாய் பக்கவாதத்தில் படுத்திருக்கிறாள். நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்பது என் வேலை. காலையில் போய் அவளைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். மற்ற நேரமெல்லாம் காலேப்தான். கடை பக்கத்துத் தெருவில் இருந்ததால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஓடிவந்து அவளைப் புரட்டிப் படுக்கவைப்பான். அதனால்தான் படுக்கைப் புண் வரவில்லை. அந்தக் கடை வேலை போனால் அவள் முதுகும் போய்விடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பிலிம் ஒட்ட, கண்ணாடியின் உள்பக்கம் சோப்புத் தண்ணீர் அடித்து, ரப்பர் பட்டையால் தள்ள வேண்டும். தள்ளுகிற தண்ணீர் காருக்குள்தான் இறங்கும். காலேப் கதவிடுக்கில் துண்டு செருகுவான். சுவிட்சுகளை பிளாஸ்டிக்கால் சுற்றுவான். சீட்டுக்கு மேல் துண்டும் அதற்கு மேல் ஷீட்டும் போட்ட பிறகுதான் தண்ணீர் பாட்டிலைத் தொடுவான். முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு சீட்டைக் கையால் தடவிப் பார்ப்பான். மனைவியின் படுக்கையையும் அப்படித்தான் தடவுவான்.

போன கோடையில் சத்தியவேட்டிலிருந்து ஹரிபாபு புதுக் கார் கொண்டுவந்தார். கம்பெனி மாட்டிய பிளாஸ்டிக் கவர் சீட்டில் அப்படியே இருந்தது.

"சார், கவர எடுத்துட்றேன். பெல்ட் சொருவுற எடத்துல ஓட்டை கீது. தண்ணி உள்ள பூந்தா காயாது."

"இன்னும் பூஜையே ஆவல. நாளைக்குத்தான் மலைக்குப் போறோம். அதுக்குள்ள உரிச்சிடுவியா? கைய வெக்காத!"

கடைக்காரர் கோவர்த்தனன் சிரித்தார். "கவருக்கு மேல துண்டு, துண்டுக்கு மேல ஷீட்டு. காரா, கல்யாணப் பொண்ணாடா இது? சீக்கிரம் ஒட்டு காலேப்பு."

கவரின் மேலேயே துண்டுகளை விரித்து ஒட்டினான். ஹரிபாபு பக்கத்திலேயே நின்றதால் கவருக்கு அடியில் கைவிட்டுப் பார்க்க முடியவில்லை.

பூஜை முடிந்தும் ஹரிபாபு கவரை எடுக்கவில்லை. உறவுக்காரர்கள் எல்லாரும் காரைப் புதுசாகவே பார்க்க வேண்டுமாம். வெயிலில் பூட்டிக் கிடந்த கார் நாறத் தொடங்கியது. கவரைக் கிழித்தால் பின்சீட்டு முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. அவர் கடைவாசலில் போட்ட கூச்சலில் கோவர்த்தனன் காலேப்பை அன்றே வேலையைவிட்டு நிறுத்தினார்.

"நான்தான் எடுக்கணும்னு சொன்னேனே அண்ணா."

"சொன்ன. அவுரு ஒத்துக்குவாரா? யாரையாச்சும் காட்டணும் இல்ல?"

கூச்சல் ஊரெல்லாம் தெரிந்ததால் புத்தூரில் வேறு கடை அவனைச் சேர்க்கவில்லை. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விடியுமுன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. பக்கத்து வீட்டு பத்மினி மதியம் எட்டிப் பார்ப்பாள்; தனியாளாகப் புரட்ட அவளால் முடியாது.

கொஞ்ச நாளில் வால் எலும்பின் மேல் தோல் சிவந்தது. பிறகு கறுத்தது, பிளந்தது. மருந்து வைத்துக் கட்டினேன். இந்தப் புண்ணுக்கு மருந்து மட்டும் போதாது. பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலேப் சர்ச்சுக்குப் போகாமல், நான் கட்டுப் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆழமா பூட்ச்சாம்மா?"

"எலும்பு கிட்ட வந்துட்ச்சு. நீ அந்தாண்ட திரும்பிக்கோ."

அவன் திரும்பவில்லை. படுக்கையில் விரித்திருந்த ரப்பர் ஷீட்டைத் தூக்கி அடியில் கைவிட்டுத் தடவினான்.

"காஞ்சிதான் கீதும்மா."

காய்ந்துதான் இருந்தது. அவளை இடப்பக்கம் சாய்த்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தேன். அன்று முழுக்க அவன் வேளை தவறாமல் புரட்டினான். மறுநாள் காலை நான் போனபோது அவன் பஸ் ஏறிப் போயிருந்தான். தலையணை தரையில் கிடந்தது. அவள் புண்ணின் மேலேயே மல்லாந்து கிடந்தாள்.