பீச்சாங்கைப் பாட்டு

ராணுவத்திலிருந்து பென்ஷனில் வந்தபோது என் மகளுக்கு ஒன்பது வயது. லீவு லீவாகக் கூட்டிப் பார்த்தால் அவளோடு நான் இருந்தது ஒன்றரை வருஷம் தேறினால் அதிகம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பிடித்து, என் மனைவிதான் அவளைத் தனியாக வளர்த்தாள். நான் உள்ளே நுழைந்தால் மகள் டிவி சத்தத்தைக் குறைப்பாள். உட்கார்ந்திருந்தால் எழுந்து நிற்பாள். “எம்புட்டு மரியாதையான பிள்ளை!” என்று பக்கத்து வீட்டில் மெச்சினார்கள். எனக்கு அது கசந்தது. மரியாதை வாங்கி வாங்கிப் புளித்துப்போய்த்தானே ஊருக்கு வந்திருந்தேன். எனக்கு வேண்டியது, வாசலில் என்னைக் கண்டதும் ஓடிவருகிற ஒரு பிள்ளை.

ஒருநாள் அவள் போனில் ஒரு பெண் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் யூனிட்டில் ஒரு பாண்டு குழு உண்டு. அதில் நானும் நாலைந்து வருஷம் கிட்டார் வாசித்தவன். வித்வான் எல்லாம் இல்லை, கை ஓடும், அவ்வளவுதான். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. அன்றைக்கே ஒரு கிட்டாருக்கு ஆர்டர் போட்டேன்.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் எனக்குச் செக்யூரிட்டி வேலை. பார்சலை அங்கேயே வரவழைத்து, ஷிப்ட் முடிந்ததும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டருக்கு என்னைத் தெரியும். நீளமான உறையைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, துப்பாக்கிய வீட்டுக்கே கொண்டு போறியளா?” என்றார்.

“மீதிச் சில்லறை தராத ஆளச் சுடுறதுக்கு” என்றேன். பஸ்ஸே சிரித்தது. அந்த ரோட்டில் அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு போனதில்லை.

சரஸ்வதி பூஜைக்கு நாலு நாள் இருந்தது. அதுவரை யாரும் தொடக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து, பாடப் புத்தகங்களோடு கிட்டாரையும் சாமி முன்னால் சாய்த்து வைத்தாள். மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொடங்கினால் படிப்பு நிலைக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. மகள் தலைக்குக் குளித்து, புதுப் பாவாடை கட்டி வந்து உட்கார்ந்தாள். கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாள். கம்பியை மீட்டப் போனது இடது கை.

“ஏட்டி! நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கையாலயா தொடங்குவ?”

பரேடு மைதானத்துக் குரல் எனக்கு. கிட்டாரைப் பிடுங்கித் திருப்பி வைத்தேன். மனைவியும் அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். “எழுதுறத சோத்தாங்கைக்கு மாத்த நான் ஒரு வருஷம் பாடுபட்டிருக்கேன். மறுபடி பழக்கிவிட்டுராதிய” என்றாள். சாப்பிடுவதும் சோத்தாங்கை, திருநீறு வாங்குவதும் சோத்தாங்கை. சரஸ்வதிக்கு மட்டும் பீச்சாங்கையை நீட்டுவதா? எங்கள் இருவருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. இத்தனைக்கும் யூனிட்டில் ஒருவன் என் பக்கத்தில் நின்று இடது கையால்தான் வாசிப்பான், என்னைவிட நன்றாகவும் வாசிப்பான். அது அவன் ஊர்ப் பழக்கம், நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது என்று நினைத்த மடையன் நான்.

தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் பாடம். சோத்தாங்கை அவளுக்குக் கடைசிவரை வழிக்கு வரவில்லை. தப்பு வந்தால் விரலில் ஒரு சுண்டு சுண்டுவேன். அடிக்கவில்லை, சுண்டத்தான் செய்தேன் என்று எனக்கு நானே இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். அவள் அழுததில்லை. வேண்டாம் என்றதும் இல்லை. “சரிப்பா” என்பாள். சில நேரம் இடது கை தன்னால் எழும்பும். அவளே அதைப் பார்த்துப் பயந்து இறக்கிக்கொள்வாள். பொங்கல் போய், மாசியும் வந்தது. ஒரு வரி உருப்படியாக வரவில்லை.

மாசியில் ஒரு சனிக்கிழமை, கரண்ட் கோளாறில் மில்லை நிறுத்திவிட்டார்கள். மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். உள்ளே கிட்டார் சத்தம். காலையில் தெருவுக்கு வரும் குப்பை வண்டி போடுமே ஒரு பாட்டு, அது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகள் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, பீச்சாங்கையால் மீட்டிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லித்தராமல் ஒவ்வொரு சுரத்தையும் தானே தேடிப் பிடித்திருந்தாள். நடுநடுவே வண்டிக்காரர் மாதிரி விசில் அடித்து, தனக்குத்தானே சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

வெளியிலேயே நின்றிருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் உள்ளே போய்விட்டேன். அவள் சடாரென்று எழுந்து கிட்டாரைத் திருப்பினாள். “தப்புப்பா. இனிமே செய்ய மாட்டேன்.”

“இல்ல தாயி. அப்பா சொன்னதுதான் தப்பு. அப்படியே வாசி” என்று நானே கிட்டாரைத் திருப்பி, அவள் இடது கையைப் பிடித்துக் கம்பியில் வைத்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு வராதுப்பா.”

“இப்பத்தான வாசிச்ச?”

“அது சும்மா” என்றாள்.

எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். வாசி என்றால் இப்போதும் வந்து உட்காருவாள், எந்தக் கையால் என்று என்னைக் கேட்பாள். அதற்குமேல் எனக்குக் கேட்க மனசு வரவில்லை. நான் வேலைக்குப் போன பொறவு நன்றாக வாசிக்கிறாள் என்று மனைவி சொன்னாள். போனில் பதிந்து வை என்றேன்.

“வேண்டாம், தெரிஞ்சா அதையும் நிப்பாட்டிருவா” என்றாள். பிறகு, “வரும்போது வாசல் கேட்டக் கொஞ்சம் சத்தமாத் தொறந்துட்டு வாங்க. பிள்ள பதறாம இருக்கும்” என்றாள்.

சத்தமாகத்தான் திறக்கிறேன். உள்ளே பாட்டு நின்றுவிடுகிறது.