வீட்டுப்பாடக் கேள்வி

ஐந்து வயதில் எனக்கு என்னைப் பற்றி இருந்த மதிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. நான் கேட்ட ஒரே ஒரு கேள்வியால்தான் கடலில் காற்றுக் கிளம்பியது என்று நம்பிய மடையன் நான்.

போன மாதம் எங்கள் நேசரிப் பள்ளிக்கூடத்தின் பழைய பிள்ளைகள் ஒன்றுகூடினோம். கற்பிட்டிக்குப் போகும் வழியில், அந்தோனியார் கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி நிற்கும் அதே தகரக் கூரை மண்டபம். ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும் என்றார்கள். ஒலிவாங்கியைக் கண்டால் விடுகிற ஆள் நானில்லை. இந்தக் கதையைத்தான் எடுத்துவிட்டேன்.

எங்கள் டீச்சர் பாலாவியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் வீட்டில் எல்லோருக்கும் உப்பளத்து வேலை. கடலுக்குப் போகிற ஆள் யாருமில்லை. பெரியவர்களோடு மரியாதையாகப் பேசிப் பழகட்டும் என்று ஒரு நாள் எங்களுக்கு வீட்டுப்பாடம் தந்தார். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது, "அப்பா, எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் கரையில் கடல் தொழிலுக்கு இறங்குகிறவரிடம் கேட்கவே கூடாத கேள்வி அதுதான். டீச்சருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாது.

விடியுமுன் எழும்பி, தலையெல்லாம் வாரிக்கொண்டு, எண்ணெய்க் கேனோடு வாசலில் இறங்கிய அப்பாவிடம் டீச்சர் சொன்னபடியே சுத்தமாகக் கேட்டேன். அம்மாவின் கை என் வாயில் விழுந்தது.

"வாயப் பொத்திட்டு இருக்கேலாதா? போற மனுசன் திரும்பி வர வேணாமா?"

 அப்பா உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, அப்போதுதான் புறப்படுகிறவர் போல மறுபடியும் இறங்கிப் போனார்.

நேசரியில் சாப்பிட பணிஸ் கொடுக்கும் நேரம் கச்சான் காற்று எழும்பியது. கூரைத் தகரம் அடித்துக்கொண்டது. யன்னலுக்கு வெளியே மழைக்குள் கடல் காணாமல் போனது. டீச்சர் எங்களை உரக்கப் பாடச் சொன்னார். நான் பாடவில்லை. இனி வாயைத் திறக்காமல் இருந்தால் கேட்ட கேள்வி உள்ளேயே திரும்பிப் போய்விடும் என்று முடிவெடுத்தேன். சுவரில் படமாக இருந்த அந்தோனியாருக்குப் பணிசைக் காட்டி மனதுக்குள் பேரம் பேசினேன். அவர் அசையவில்லை, எறும்புகள்தான் வந்தன. வீட்டுப்பாடம் யார் யார் செய்தது என்று டீச்சர் கேட்டபோது தலை குனிந்தவன், யார் கை தூக்கினார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. ஒன்றுக்குப் போக வேண்டும் என்று சொல்வதற்கும் வாயைத் திறக்க முடியாதே. பாய் நனைந்தது.

ஈரம் பக்கத்தில் இருந்தவளின் சட்டை வரைக்கும் போனது. மற்ற நாளென்றால் ஊரைக் கூட்டியிருப்பாள். அன்று காலையிலிருந்தே அவளும் வாய் திறக்கவில்லை. தகரம் அதிரும்போதெல்லாம் நகம் பதிய என் கையைப் பிடித்தாள். எனக்காகத்தான் இவ்வளவு பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் தாண்டி, நனைந்த சாரத்தோடு அப்பா வாசலில் வந்து நின்றார். என்னைத் தூக்கித் தோளில் வைத்தபோதும் எனக்குச் சத்தம் வரவில்லை. அவளுடைய அப்பாவின் போட் அன்று வரவில்லை. பிறகும் வரவில்லை. கோயில் சிஸ்டர் ஒருவர் வந்து அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். அவளுக்கு மட்டும் ஓட்டோவா என்று எனக்கு எரிச்சல்.

மேடையில் நான் ஈரப் பாயோடு நிறுத்திக்கொண்டேன். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, பின்னால் மேசையில் எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என் அப்பாவை எடுக்க வந்த கடல் ஆள் மாறி அவளுடைய அப்பாவை எடுத்துவிட்டது என்று நினைத்து, நான் அவள் முகத்தைப் பார்க்கவே பயந்து திரிந்த வருசங்கள் உண்டு. அதையும் சொல்லிவிடலாம் என்று கோப்பையோடு அவளிடம் போனேன்.

"என்ட கேள்விக்குத்தான் உன்ட அப்பா போனார் எண்டு கனகாலம் பயந்து கிடந்தன். எவ்வளவு மடையன் பார்."

அவள் நிமிராமல் என் கோப்பையை நிரப்பினாள்.

"அண்டைக்கு நானும்தான் கேட்டன்."