படிவத்தில் எழுதிய மெய்ப்பெயர்

பினாங்கில் ஒரு ஜப்பானியரின் புகைப்பட நிலையத்தில் பதினோரு ஆண்டு வேலை செய்தேன். அவர் மொழியைக் கேட்டும் எழுதிப் பார்த்தும் நானே கற்றுக்கொண்டு தென்காசி திரும்பினேன். 1944இல் ராணுவம் என்னை அசாமுக்கு அழைத்தது, பிடிபட்ட ஜப்பானியச் சிப்பாய்களை விசாரிக்கும் முகாமில் மொழிபெயர்ப்பாளனாக. செய்யும் வேலையை எவரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்திட்டேன். அந்த வெள்ளைக்கார அரசு போனபின் இப்போதுதான் எழுதுகிறேன்.

அங்கே அடி, மிரட்டல் இல்லை. தேநீரும் சிகரெட்டும் கொடுத்துக் காத்திருப்போம். தனகா என்று பெயர் சொன்ன ஒரு கைதி, காயம் ஆறியதும், தம் படையின் அரிசி இருப்பு முதல் பீரங்கி நின்ற மேடு வரை சொன்னார். காய்ச்சல் கண்ட ஒரு நாள், தம் மெய்ப்பெயரையும் என்னிடம் சொல்லிவிட்டார்.

“இது ஊருக்குத் தெரியக் கூடாது. நான் செத்தவன். உயிரோடு பிடிபட்டேன் என்று அறிந்தால் என் தாய் தெருவில் நடக்க முடியாது.”

சரி என்றேன்.

காவலுக்கு நின்ற ராயகிரிச் சங்கிலிப்பாண்டியிடம், பெயரை விட்டு, விஷயத்தை மட்டும் சொன்னேன்.

“நம்மூர்ல உயிரோட இருக்கவனுக்கு எள்ளுந்தண்ணியும் எறைப்பாவளா, அண்ணாச்சி? நம்ம டீயக் குடிச்சிக்கிட்டே செத்துட்டேங்கான் பாரும்! பெத்தவளுக்கு ஒரு காயிதம் போட்டா என்னங்கேன்?”

ஆடி அமாவாசையன்று குற்றால அருவிக் கரையில் செத்தவர்களுக்கு எள் இறைத்து அழுவோரைக் கண்டு வளர்ந்தவன் நான். உயிரோடு இருக்கும் மகனுக்காக ஒரு தாய் அப்படி அழக் கூடாது என்று, கைதியின் ஊருக்கு அறிவிக்கும் படிவத்தில் மெய்ப்பெயரை எழுதிவிட்டேன்.

மறுநாள் படிவத்தைப் பார்த்த முகாம் கேப்டன் அந்தப் பெயரால் அவரை அழைத்தார். கைதி கேப்டனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அதன்பின் பதினெட்டு நாள் ஒரு சொல் இல்லை. கொடுத்த தேநீர் அப்படியே ஆறிக் கிடந்தது.

‘கைதியின் நம்பிக்கையைக் கெடுத்தவர்’ என்று குறிப்பெழுதி என்னை நீக்கினார்கள். மெய்ப்பெயரையே எழுத வேண்டும் என்பது அவர்களது உத்தரவு. அந்த உத்தரவின் நகல் என்னிடம் இருக்கிறது. புறப்படும்போது, அனுப்பப்படாமல் மேசையில் கிடந்த அந்தப் படிவத்தைத் திருடினேன்.

“எங்கன இருந்தீய? செயில்ல இருந்தீயன்னு ஊரே சொல்லுது. வாயத் தொறந்து ஒண்ணு சொல்லப்பிடாதா?” என்றாள், நான் ஊர் திரும்பியதும், என் மனைவி வள்ளித்தாய்.

இட்ட கையெழுத்தை மீறவில்லை. அவள் செங்கோட்டையில் தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

குறிப்பை நீக்கக் கோரி ராணுவ அலுவலகத்துக்கு மூன்று மனு அனுப்பினேன். சென்ற மாதம் பதில் வந்தது: அந்தப் படிவம் கோப்பில் இல்லை, தங்களிடம் இருப்பின் இணைக்கவும், மறுபரிசீலனை செய்யப்படும்.

காகிதங்கள் வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். எல்லாம் தேதிவாரியாக இருந்தன. அவர் மெய்ப்பெயர் இருந்த படிவத்தை மட்டும் எடுத்து அடுப்பிலிட்டேன். என்னிடம் இல்லை என்று பதில் எழுதி, அதன் நகலை என் கோப்பில் சேர்த்தேன்.