பயிற்சியாளரின் கண்ணாடியில் தெரிந்த தம்பி

"ஞாயிறு. இரண்டாவது குதி. ஓசூர்."

போன ஆண்டு பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஒரு வீடியோவின் முதல் காட்சியில், ஒரு பெண் கையில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அதில் சாக்பீஸால் இப்படித்தான் எழுதியிருக்கிறது. கீழே அவருடைய செல்போன் எண். அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அது சிலேட்டில் இல்லாமல் போயிருந்தால் இந்த அனுபவத்தை எழுத நான் உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

நான் நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளியில் நூலகராக இருக்கிறேன். கணவருக்கு சுரங்கத்தில், கன்வேயர் பெல்ட் பராமரிப்புப் பிரிவில் ஷிப்ட் வேலை. எங்கள் தேவாலயத் திருவிழா, அக்கம்பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்களின் பணி ஓய்வு விழா என்று எது நடந்தாலும் வீடியோ எடுத்து, தேதி போட்டு, பத்திரப்படுத்துவது என் பழக்கம். அப்படித்தான் எடிட்டிங்கும் கற்றுக்கொண்டேன். தேதி இல்லாத படத்தை நான் படமாகவே மதிப்பதில்லை.

என் ஒரே தம்பி பக்கத்து மாநிலத்தில் ஒரு சிறிய விமான ஓடுதளத்தில் வேலை செய்கிறான். ஸ்கை டைவிங் என்று, பணம் கட்டி விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்க வருகிறார்களே, அவர்களைப் படம் பிடிக்கும் வேலை. புதிதாக வருபவர்கள் தனியாகக் குதிக்க முடியாது. ஒரு பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அவர்கள் குதிக்கும் அதே நொடியில் தம்பியும் தனியாகக் குதித்து, தலைக்கவசத்தில் பொருத்திய கேமராவால் அவர்கள் முகத்தைப் படம் பிடிப்பான். அதை அங்கிருந்தே எனக்கு அனுப்புவான். நான் எங்கள் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எடிட் செய்து, பாட்டு சேர்த்து, குதித்தவருக்கே நேராக அனுப்பிவிடுவேன். அன்றைக்கே அனுப்ப வேண்டும். எல்லோருக்கும் அன்று மாலையே ஸ்டேட்டஸில் வைத்தாக வேண்டும்.

"உன் தம்பி வானத்துலேர்ந்து குதிக்கிறான். நீ வூட்ல ஃபேன் காத்துல குந்திகினு அத வெட்டிகினு இருக்க. யாருக்கு தைரியம் ஜாஸ்தின்னு தெரியல" என்பார் என் கணவர்.

சிலேட்டு என் ஏற்பாடு. கேமராவில் பேட்டரியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் அதன் கடிகாரம் குழம்பிப்போய் ஏதாவது ஒரு ஜனவரி மாதத்தைக் காட்டும். ஒருமுறை ஒருவருடைய வீடியோ இன்னொருவருக்குப் போய்ப் பெரிய சங்கடமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான், விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் நாள், அன்றைக்கு அது எத்தனையாவது குதி, ஊர், செல்போன் எண் நான்கையும் சிலேட்டில் எழுதிக் கேமரா முன் காட்ட வேண்டும் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "நீ பள்ளிக்கூடத்தையே இங்க கொண்டாந்துட்ட யக்கா" என்று அவன் கேலி செய்தான். ஆனால் செய்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்து, சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். தம்பியின் செய்தி வந்திருந்தது: "காலையில ரெண்டு குதி முடிஞ்சிது. அனுப்பிட்டேன். சாப்ட்டு மூணாவது போறேன்."

ஓசூர்ப் பெண்ணின் வீடியோவைத் திறந்தேன். நாற்பது வயது இருக்கும். சுடிதார் மேல் குதிப்பதற்கான உடுப்பு போட்டிருந்தார். சிலேட்டை அவர் கையில் கொடுக்கும் தம்பியின் கை மட்டும் படத்தில் தெரிந்தது. வலது கட்டைவிரலில் பெரிய கட்டு. கதவில் நசுக்கிக்கொண்டானோ என்னவோ, கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். விமானம் மேலே போகப்போக அந்தப் பெண், "சார், எனக்கு வேணாம் சார், எறக்கி விட்டுடுங்க சார்" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விமானத்தின் கதவு திறக்கும் இடத்தை நான் எப்போதும் ஸ்லோ மோஷனில் வைப்பேன். இருட்டாக இருக்கும் உட்புறத்தில் திடீரென்று வெளிச்சம் பாயும். குதிப்பவரின் கண்கள் விரியும். அதுதான் வீடியோவின் உயிர். அன்றும் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருந்த பயிற்சியாளர், எதிரில் இருப்பதெல்லாம் தெரிகிற மாதிரியான பளபளப்பான கண்ணாடி போட்டிருந்தார். கதவு திறந்ததும் அந்தக் கண்ணாடிக்குள் ஓர் ஆள் தெரிந்தான். என் தம்பி.

அழகான காட்சியாயிற்றே என்று பெரிதாக்கிப் பார்த்தேன். அப்படியே என் கை நின்றுவிட்டது.

அவனுடைய மார்புக்குக் குறுக்கே போகும் பட்டையின் நுனி கீழே நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அது எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்த வேலையில் சேர்ந்த புதிதில் நான் பயந்து அழுதேன் என்பதற்காக, அவன் ஒருமுறை ஊருக்கு வந்தபோது பாராசூட் பையை எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டிக் காட்டினான். மார்புப் பட்டையை உலோக வளையத்துக்குள் விட்டு, திருப்பி மடித்து, மறுபடி உள்ளே இழுக்க வேண்டும். அப்போதுதான் அது பிடிக்கும். மடிக்காமல் விட்டால் பார்ப்பதற்கு மாட்டிய மாதிரியே இருக்கும். பாராசூட் விரியும்போது வரும் இழுப்பில் உருவிக்கொண்டு போய்விடலாம். "உருவிச்சின்னா ஆளு பட்டைக்குள்ளேர்ந்து நழுவிடுவான் யக்கா. அதனாலதான் பாத்துப் பாத்து போடுவோம்" என்றான். அதையும் நான் வீடியோ எடுத்துத் தேதி போட்டு வைத்திருந்தேன். உடனே அதைத் தேடித் திறந்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கூடத்தில் எடுத்ததில் பட்டையின் நுனி மடிந்து ஒடுங்கியிருந்தது. கண்ணாடிக்குள் தெரிந்ததில் தொங்கியது.

காலையில் குதித்து, தரையிறங்கி, வீடியோவை அனுப்பியும்விட்டான். அந்தக் குதியில் பிழைத்துவிட்டான். அப்புறம்தான் அந்தக் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. மடித்து இழுக்க முடியாத அதே விரலோடுதான் மூன்றாவது குதிக்கும் போகப்போகிறான்.

தம்பியின் எண்ணுக்கு அடித்தேன். அணைத்து வைத்திருந்தான். ஓடுதள அலுவலக எண் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை.

கணவர் இரண்டாவது ஷிப்டுக்குக் கிளம்பி, வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இவ்ளோண்டு படத்துல இன்னா தெரியுது? நெழலா கூட இருக்கலாம்" என்றார்.

"நெழலா இருந்தா?" என்றேன். தப்பாகப் பார்த்துவிட்டு, ஒரு விமானத்தையே நிறுத்தச் சொல்வதா? அவன் வேலைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

அவர் ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடியே சொன்னார்: "எங்க கன்வேயர் பெல்ட்டுக்குள்ள ஆள் இருக்கானோன்னு சந்தேகம் வந்தாலே போதும், எவனும் ஸ்விட்ச்சத் தொடமாட்டான். இருக்கான்னு தெரிஞ்சப்புறம் நிறுத்தறதுக்குப் பேரு சேஃப்டி இல்ல. நீ யாருக்குனா போன போடு. நெழலுன்னு ஆயிட்டா நாலு பேரு சிரிப்பான். சிரிச்சிட்டுப் போறான்."

யாருக்குப் போடுவது? திரையில் அந்தப் பெண் இன்னும் சிரித்துக்கொண்டு நின்றார். கையில் சிலேட்டு.

அதிலிருந்த எண்ணுக்கு அடித்தேன், முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். நான் யார் என்று சொன்னதும், "வீடியோ ரெடியாயிடுச்சுங்களா மேடம்? நான் கத்துனது வருதுங்களா? அத மட்டும் எடுத்துடுங்க, எங்க வீட்டுக்காரரு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு" என்றார்.

"வீடியோ இல்லீங்க. நீங்க இன்னும் அங்கதான் இருக்கீங்களா?"

"இங்கதான், டீ குடிச்சிட்டு இருக்கோம். முழங்கால் இன்னும் ஆடுதுங்க."

"உங்களப் படம் எடுத்தவன் என் தம்பி. அவன் மார்புப் பட்டைய சரியா மாட்டலைன்னு வீடியோல தெரியுது. மறுபடி குதிக்கப் போறான். அவன எப்படியாவது நிறுத்தணும்ங்க."

"சிரிச்சிட்டே இருந்தாரே, அந்தத் தம்பியா? ஐயையோ, அவரு பிளேன்ல ஏறிட்டாருங்களே. காத்தாடி சுத்துது!"

அவ்வளவுதான். போனை அணைக்காமலே ஓட ஆரம்பித்துவிட்டார். மூச்சு வாங்கும் சத்தம், யாரோ அதட்டும் குரல், பெரிதாகிக்கொண்டே வரும் எந்திர இரைச்சல். பிறகு இணைப்பு துண்டித்துப் போனது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று என்னைக் கேட்டால் தெரியாது. எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கிற நான் அன்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. தெருமுனையில் ஷிப்ட் பஸ் வந்து ஹாரன் அடித்தது. கணவர் போகவில்லை. பஸ் போய்விட்டது. அவர் கையில் அந்த ஷூ அப்படியே இருந்தது.

போன் அடித்தது. அந்தப் பெண்ணின் எண். பேசியது தம்பி.

"யக்கா, இன்னா வேல பண்ணி வச்சிருக்க நீ? பைலட்டு என்ன மொறைக்கிறாரு. கஸ்டமர் கட்டுன பட்டையோட நின்னுகினு இருக்காரு. இந்தம்மா எங்களுக்கு முன்னால போய் ஓடுபாதையில நின்னுகினு துப்பட்டாவ ஆட்டுறாங்க. ஊர்ல யாருனா செத்துட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

"நீதான்டா சாக இருந்த" என்றேன். கணவர் போனை வாங்கி, "படத்த அனுப்பறோம், பாரு. பாத்துட்டு அப்புறம் கத்து" என்றார்.

படத்தை அனுப்பினோம். இரண்டு நீல டிக் விழுந்தது. பிறகு அவனே தன் போனிலிருந்து கூப்பிட்டான். அவன் குரலா என்று சந்தேகமாக இருந்தது.

"பாராசூட்டு விரிஞ்சப்ப தோளு ரெண்டும் அகலமா இழுத்துச்சு யக்கா. ஜாக்கெட்டு லூஸா இருக்குதுன்னு நெனச்சுக்கினேன். எறங்கனதும் கழட்டி வீசிட்டு வீடியோ அனுப்ப ஓடிட்டேன்." அப்புறம், "கஸ்டமர் பட்டைய மூணு தடவ பாப்போம். டிரெய்னர் பட்டைய நான் பாப்பேன். என்னுத யாரும் பாக்கல யக்கா. நான்தான் எல்லாத்தையும் பாக்கறவனாச்சே" என்றான்.

அன்று அவன் குதிக்கவில்லை. கட்டைவிரல் ஆறும்வரை நெய்வேலியில் எங்களோடு இருந்தான். இப்போதெல்லாம் சிலேட்டுக் காட்சிக்கு முன்னால் இன்னொரு காட்சி வருகிறது. குதிக்க வந்தவர் கையில் கேமராவைக் கொடுத்துவிட்டு, தம்பி தன் மார்புப் பட்டையைத் தூக்கிக் காட்டி, "யக்கா, பாத்துக்கோ" என்கிறான். அது அவன் குதித்து முடித்த பிறகுதான் எனக்கு வந்து சேர்கிறது. அதனால் என்ன, எதிரில் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அதைப் பார்க்கிறாரே. குதிக்க வருகிறவர்களுக்கு அது வேடிக்கை. நான் அந்தக் காட்சியை வெட்டி எடுத்துத் தனியாக வைத்துக்கொள்கிறேன்.

ஓசூர்ப் பெண்ணுக்கு மறுநாள்தான் வீடியோ அனுப்பினேன். சொன்னபடி கத்தலை நீக்கியிருந்தேன். உடனே கூப்பிட்டார். "மேடம், அந்தக் கத்தலப் போட்டுடுங்க. நான் ஓடுனத சொன்னா எங்க வீட்ல ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க. அதுக்கு வீடியோ இல்ல. கத்துனதாச்சும் இருக்கட்டும்." முகம் தெரியாத ஒருத்தியின் ஒரு பேச்சை நம்பி, ஆடுகிற முழங்காலோடு சுழலும் விமானக் காத்தாடியை நோக்கி ஓடியவர் அவர். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கத்தலை முழுசாகச் சேர்த்து அனுப்பினேன்.

என் வழக்கப்படி இந்தச் சம்பவத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே ஒரு விவரம் மட்டும் பாக்கி. அவனை விமானத்திலிருந்து இறக்கினார்களே, அப்போது அந்தப் பட்டை எப்படி இருந்தது? சரியாக மாட்டியிருந்தேன் என்கிறான் தம்பி, ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. பயிற்சியாளர், பதற்றத்தில் பார்க்காமலே கழற்றிவிட்டேன் என்றாராம். அந்தப் பெண்ணோ, "தொங்குன மாதிரிதாங்க இருந்துச்சு, ஆனா ஓடி வந்த வேகத்துல எனக்கு எல்லாமே ஆடிச்சு" என்கிறார். சிலேட்டுக் காட்சிக்குப் பிறகு கேமராவை அவன் மறுபடி முடுக்கியிருக்கவில்லை, அதனால் படமும் இல்லை. அந்த இடத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன். சரிபார்க்க ஒரே வழிதான் இருந்தது, அவனைக் குதிக்க விட்டுப் பார்ப்பது. என் குறிப்புகளில் நிரப்பாமல் விட்ட இடம் அது ஒன்றுதான், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கிறது.