இருபது அங்குல சம்பு

எங்கள் தெருவில் சம்பு என்றால் வாசலுக்குக் கீழே குடிதண்ணீர் சேர்த்துவைக்கும் தொட்டிதான். மீன் தொட்டிக்கும் சம்பு உண்டு என்று எனக்குத் தெரிந்தபோது வயது அறுபதை நெருங்கிவிட்டது. தெரியாமலே போயிருக்கலாம்.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பேச்சு குழறிக் குழறித் திரும்பி வந்துவிட்டது. கால்தான் வரவில்லை. பிடித்துக்கொண்டால் நிற்பாள், விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வாரத்தில் மூன்று நாள் வரும் பெண் ஒருநாள் சொன்னாள்: "அக்காவுக்குப் புடிச்சது எதுனா ஹாலுக்கு அந்தக் கோடியில வைங்க அண்ணே. கிட்டப் போய்ப் பாக்கணும்னு ஆசை வரணும். இந்த வருசத்துக்குள்ள கால் வரலைன்னா அப்புறம் கஷ்டம்."

என் மனைவிக்குப் பிடித்தது மீன். நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் புடவைக் கடையில் ஒரு நாலடி மீன் தொட்டி இருந்தது. கடையைப் புதுப்பித்தபோது ஸ்டாண்டோடு எனக்கே கொடுத்துவிட்டார்கள். கூடவே ஆஸ்கர் என்று ஒரு முரட்டு மீன். அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போய் நிறுத்தினால் கண்ணாடியோரம் வந்து அவள் விரலையே முறைத்துப் பார்க்கும். "உன்ன மாதிரியே இருக்குது, எப்பப் பாரு கோவம்" என்று என்னைக் கிண்டல் செய்வாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும்.

தொட்டியில் ஒரு தொல்லை இருந்தது. அந்த மீன் போடும் அசிங்கத்துக்கு வாரம் இரண்டு முறை வாளி வாளியாகத் தண்ணீர் மாற்ற வேண்டும். மாற்றினால் தரையெல்லாம் ஈரம். பயிற்சிக்கு வரும் பெண் கத்தினாள். "ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாதுண்ணே. வழுக்கி உழுந்தாங்கன்னா அவ்ளோதான்."

அதற்குத்தான் சம்பு. ஸ்டாண்டுக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேலிருந்து குழாய் வழியாக அதில் இறங்கும் தண்ணீர் பஞ்சிலும் கல்லிலும் சுத்தமாகும், மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றிவிடும். வாளிக்கு வேலை இல்லை. வளர்ப்பு மீன் கடைக்காரரே வீட்டுக்கு வந்து பார்த்தார்.

நான் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து ஸ்டாண்டை அளந்தேன். உள்ளே நீளம் நாற்பத்தைந்து அங்குலம். ஆனால் முன்பக்கம் நடுவில் ஒரு கால் நிற்கிறது. ஸ்டாண்டின் கதவு வழியாக இருபது அங்குலத்துக்கு மேல் எதுவும் நுழையாது.

"மூணடி சம்பு வைங்கண்ணே" என்றார் கடைக்காரர். "மேல் தொட்டியை இறக்கிட்டு, பக்கப் பலகையைக் கழட்டி உள்ள தள்ளணும். ரெண்டு நாள் வேலை. கரண்ட் போச்சின்னா குழாய் மட்டம் வரைக்கும் மேல இருந்து தண்ணி இறங்கிடும். அதைத் தாங்கறதுக்குக் கீழ காலி இடம் வேணும்."

"எங்கிட்ட இன்வர்ட்டர் இருக்குதுபா. கதவு வழியா போறதையே செய்."

"இல்லண்ணே, இருபது அங்குலத்துல இடம் பத்தாது..."

"எனக்கு அளவு சொல்லித் தர்றியா நீ?"

அவர் இருபது அங்குலம் என்றே எழுதிக்கொண்டார். இரண்டு நாள் மீனைப் பார்க்காமல் அவள் ஏங்கிவிடுவாள் என்றுதான் அவசரப்பட்டதாக ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். பொய். எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். யார் ஜாக்கெட்டானாலும் பக்கத்தில் ஓர் அங்குலம் துணி உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பேன். உடம்பு நாளைக்குக் கூடும், பிரித்துவிட வேண்டியிருக்கும். நாற்பது வருஷமாக அப்படித் தைத்த கை, தண்ணீருக்கு ஓர் அங்குலம்கூட விடவில்லை.

சம்பு கச்சிதமாக உட்கார்ந்தது. தரை காய்ந்தே கிடந்தது. இரண்டு மாதத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தாள். நான் கடைக்காரரை நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டேன்.

வைகாசியில் பெருமாளுக்குத் தேர். தேர் வருகிறதென்றால் தெருவில் குறுக்கே போகும் மின்கம்பிகளை அவிழ்ப்பதற்காக எங்கள் பக்கம் விடியற்காலையே கரண்டை நிறுத்திவிடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். சம்புக்கு அளவு எடுத்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு முகூர்த்தத்துக்கு இரண்டு ஜாக்கெட் அவசரம் என்று, தையல் மோட்டாரையும் இன்வர்ட்டரிலேயே ஓட்டினேன். பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று யோசிக்கவே இல்லை.

"வடம் தொட்டுட்டு அரை மணியில வந்துடறேன்" என்றேன். "போய்ட்டு வா, கூட்டத்துல யாருகிட்டயும் சண்டை போடாத" என்று நாற்காலியிலிருந்தே கையாட்டினாள்.

அரை மணி ஒன்றரை மணி ஆயிற்று. திருப்பத்தில் தேர் நின்றுவிட்டது. நானும் வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெருமாளே, இவளை யாரும் பிடிக்காமல் நடக்க வை என்று வேண்டிக்கொண்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இன்வர்ட்டர் செத்துக் கிடந்தது. ஸ்டாண்டுக்குள்ளிருந்து வழிந்த தண்ணீர் ஹால் முழுக்க நின்றது. நாற்காலி காலி. தொட்டிக்கு முன்னால், அந்தக் கோடியில், அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். மேல் தொட்டியில் ஐந்து அங்குலம்தான் இறங்கியிருந்தது. மீன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றார்கள். கம்பி வைத்துத் தைத்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கண் விழித்ததும் நான் கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது. "எதுக்குடி எழுந்த? அது செத்தா வேற மீனு வாங்கிக்க மாட்டமா?"

"மீனுக்கு யாரு எழுந்தா?" என்றாள். நாக்கு இன்னும் குழறியது. "தண்ணி வாசக்கதவு வரைக்கும் வந்துடுச்சி. நீ குடுகுடுன்னு ஓடியாருவ. வழுக்கி உழுந்துட்டன்னா, நம்ம ரெண்டு பேரையும் யாரு பாக்கறது? ஸ்டாண்டு மேல துணி இருந்திச்சி. எடுத்துத் தொடச்சிடலாம்னு பாத்தேன்."

அவள் என் கையை இழுத்தாள்.

"ஒம்பது அடி வெச்சேன்யா. செவுத்தைக்கூடப் புடிக்கல. நீதான் பாக்கல."

இடுப்பு கூடிவிட்டது. பயிற்சிக்கு அந்தப் பெண் இன்னும் வருகிறாள். மூன்று வருஷம் ஆகிறது, என் மனைவி அதற்குப் பிறகு ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை.